கல்லும் சொல்லும்: அகலிகை கதை மாற்றங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

பழங்கதைகளை மனைவியின் நிலையில் நின்று மீண்டும் கூறுதல் தற்கால இலக்கியத்திலே வலுவான ஒரு போக்காக வளர்ந்துள்ளது. இராமனின் கதையைச் சீதையின் நோக்கிலும் புத்தரின் கதையை யசோதரையின் நோக்கிலும் கூறும் ஆக்கங்கள் பல மொழிகளிலே வெளிவந்துள்ளன. இத்தகைய ஆக்கங்களை மதிப்பிட முற்படும்போது நம்மிடையே வழக்கமாக எழும் வினா ஒன்றுண்டு. பழைய கதையிலே பழிக்கப்பட்ட பெண் புதிய கதையிலே பழி நீங்கினாளா என்பதே அது. நீங்கியிருப்பின் அவ்வாக்கம் முற்போக்கானது என முடிவு கட்டிவிடுகிறோம். இவ்வளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பழியை நீக்குபவர் யார், அவ்வுரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவே முதன்மையானது.

இவ்வாதத்தை நிறுவுவதற்கு அகலிகை கதையை எடுத்துக்கொள்கிறோம். இக்கதை காலந்தோறும் பெற்ற மாற்றங்களைப் பேராசிரியர் க. கைலாசபதி ‘அடியும் முடியும்’ (1970) என்ற நூலிலே சமுதாய வரலாற்றுப் பின்னணியில் ஆராய்ந்துள்ளார். கற்பு என்ற கருத்தும் வரலாற்றுக்கு உட்பட்டதே என்பது அத்தகைய ஆய்வுகளாற் பெறப்பட்ட அடிப்படை உண்மை. அதனை ஏற்றுக்கொண்டு, இங்கு நாம் ஒரு கூற்றை மட்டும் தனியே எடுத்து நோக்குவோம். ஒவ்வொரு காலத்து அகலிகைக்கும் பேசுவதற்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்பதே அது.

2

வான்மீகியின் பாலகாண்டத்திலே வரும் அகலிகை, முனிவரின் வேடத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே இணங்குகிறாள். தன் நிறைவை அவனிடம் வெளிப்படையாகக் கூறி, தன்னையும் அவனையும் காத்துக்கொள்ளுமாறு சொல்லி விரைந்து அனுப்புகிறாள். அங்கு அவள் கல்லாகவில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பரிலே கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாது பல்லாயிரம் ஆண்டுகள் வாழவேண்டும் என்பதே சாபம். சாபம் நீங்கும் வேளையில் இராம இலக்குவரே அவள் அடிகளைத் தொட்டு வணங்குகின்றனர்.

உத்தரகாண்டம் வேறொரு வரலாற்றைத் தருகிறது. பிரமன் தான் படைத்த அகலிகையைக் கௌதமரிடம் அடைக்கலப் பொருளாக ஒப்படைக்கிறான். பல்லாண்டுகளின் பின் முனிவர் அப்பொருளைப் பழுதின்றித் திருப்பித் தருகிறார். அந்நேர்மையை மெச்சிய பிரமன் அவளை அவருக்கே மனைவியாகக் கொடுக்கிறான். தேவர் தலைவனாகிய தனக்கே அவள் உரியவள் என்று எண்ணியிருந்த இந்திரன் சினங்கொள்கிறான். இவ்வடிவத்திலே அகலிகை, வந்தவன் யாரென அறியாது ஏமாற்றப்பட்டதாகக் கூறிக் கணவரிடம் மன்றாடுகிறாள். அவளுடைய குற்றம் இங்கு குறைந்துவிட்டது. ஆனால் அவள் வைப்புப் பொருளாகவும் ஆகிவிட்டாள். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழிலே இக்கதை மிகப் பழைமையானது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கண்டு நின்றோரைக் காட்டுகிறது. பூனையுருக் கொண்டவன் இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமர், அவர் சினத்தால் இவள் கல்லானது இவ்வாறு என அங்கு நின்றோர் ஒருவருக்கொருவர் சுட்டி விளக்குகின்றனர். கம்பனுக்கு நெடுங்காலம் முன்னரே தமிழர் அறிந்த அகலிகை கல்லாகிவிட்டாள் என்பது இதனாற் புலனாகும். பிறர் சுட்டிக்காட்ட, சுவரிலே வாய்பேசாது நிற்பவளாக அவள் நமது இலக்கியத்திலே தோன்றுகிறாள்.

கம்பன் படைத்த அகலிகை மேலும் சிக்கலானவள். பொதுவாக 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கொள்ளப்படும் அக்காவியத்திலே அவள் உண்மையை உணர்கிறாள், உணர்ந்தும் விலக்கினாளில்லை. ஆயினும் சாப நீக்கத்தின்போது விசுவாமித்திரர், அவள் நெஞ்சினாற் பிழை செய்யாதவள் எனக் கௌதமருக்கு எடுத்துரைத்து ஏற்கச் செய்கிறார். இவ்விரு கூற்றுக்களையும் இணக்கிக் காட்டுவதற்கு உரைகாரரும் திறனாய்வாளரும் பெரிதும் முயன்றுள்ளனர். எமது நோக்கிலே இம்முரண்பாடு விளக்கி மறைக்க வேண்டிய ஒன்றன்று. இரு காலங்களின் விழுமியங்கள் ஒரே பாத்திரத்திலே மோதுவதன் தடயமாகும். கம்பனின் இராமன் அவளை அன்னை என விளித்து மதிப்பளிக்கிறான் என்பதையும் கூறல் வேண்டும். எனினும் வான்மீகியிலே இராமன் அவள் அடியைத் தொட்டான். கம்பனிலே இராமனின் அடித்துகள் அவளுக்கு உருக் கொடுத்தது. வணக்கத்தின் திசை மாறிவிட்டது. அவள் பேச்சும் சாபத்துக்கு முடிவு வேண்டிப் பொறுத்தருளக் கேட்கும் மன்றாட்டாகச் சுருங்கிவிட்டது.

இம்மாற்றங்களைத் தொகுத்து நோக்கினால் ஓருண்மை தெளிவாகும். அகலிகையின் குற்றம் குறையக் குறைய அவளுடைய விருப்பும் சொல்லும் கூடவே குறைந்துள்ளன. குற்றவாளியாக இருந்தபோது அவள் தன் வாயாற் பேசினாள். குற்றமற்றவளானபோது அவளுக்காகப் பிறர் பேசினர்.

3

இதற்குரிய சமுதாய அடிப்படை யாது? மனைவி, மகன், அடிமை ஆகிய மூவரும் சொத்துரிமை அற்றோர் எனவும், அவர்கள் ஈட்டுவது அவர்களை உடையவனுக்கே சேரும் எனவும் மனுநூல் வகுத்துள்ளது. தொல்காப்பியக் கற்பியலின் தொடக்கச் சூத்திரமோ, கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கொள்ளற்குரியோன் கொள்ளும் கரணத்தோடு கூடியதாகக் கற்பை வரையறுக்கிறது. கற்பு என்னும் சொல் அங்கு முதலில் ஒரு மண முறைமையையே குறித்தது. பெண்ணின் உள்ளப் பண்பாகவும், அதற்குமேல் தெய்வ ஆற்றலாகவும் அது விரிந்தமை அதன் மறுபக்கம்.

தனியுடைமை தோன்றித் தந்தைவழி வாரிசு உறுதிப்பட வேண்டிய நிலையிலே மனைவியின் மீது மட்டும் ஒருதலையான ஒழுக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது என்பதை ஏங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டு வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலிலே விளக்கினார். அவர் பயன்படுத்திய மானிடவியற் சான்றுகள் சில பிற்கால ஆய்வுகளாற் கைவிடப்பட்டுள்ளன. ஆயினும் உடைமைக்கும் ஒழுக்க விதிக்கும் இடையே அவர் சுட்டிய தொடர்பு, பிரமன் அடைக்கலம் வைத்த பெண்ணின் கதையிலே மறைப்பின்றிக் காணக்கிடக்கிறது. வைப்புப் பொருள் கெட்டால் வினவப்படுவோர் இருவர்: காத்தவனும் கவர்ந்தவனும். பொருளிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இலக்கியத்தைப் பொருளாதாரத்தின் நேரடி நிழலாகக் கொள்ளும் இயந்திரப் பாங்கான விளக்கம் நமக்கு உடன்பாடன்று. கம்பனின் அருளுணர்வு பொய்யன்று. தண்டித்து ஒதுக்குவதைவிட மன்னித்து ஏற்பது மனிதப் பண்பிலே ஒரு முன்னேற்றமே. ஆயின் மேலிருந்து கீழ்நோக்கி வழங்கப்படும் அருள், மேல் கீழ் என்ற படிநிலையைத் தொடாமலே விட்டுவிடுகிறது. நிலமானிய சமுதாயத்தின் மிக உயர்ந்த கருணைக்கும் உள்ள எல்லை அதுவேயாகும்.

4

நவீன தமிழிலக்கியத்திலே இவ்வெல்லையை முட்டியவர் புதுமைப்பித்தன் (1906 - 1948). அவர் அகலிகையை இருமுறை எழுதினார் என்பதன் முக்கியத்துவம் போதியளவு உணரப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். ‘அகல்யை’ 1934இல் ‘மணிக்கொடி’யிலும், ‘சாபவிமோசனம்’ 1943இல் ‘கலைமக’ளிலும் வெளிவந்தன. இவ்விரு கதைகளுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளிலே வினாவே மாறிவிட்டது.

முதற் கதையிலே சாபமில்லை. கற்பு மனத்தூய்மையைப் பொறுத்தது, உடல் களங்கப்பட்டமைக்குப் பெண்ணைப் பழித்தல் தகாது என்ற தெளிவுக்குக் கௌதமர் வருகிறார். கதை வெளிவந்த காலத்தை எண்ணும்போது இது துணிவான சிந்தனையே. சீர்திருத்தக் காலத்தின் சிறந்த மனச்சாட்சி இக்கௌதமரிடம் பேசுகிறது. எனினும் கற்பு எது என்று தீர்மானிப்பவர் இங்கும் அவரே. தீர்ப்பு மாறியுள்ளது, தீர்ப்பளிக்கும் இருக்கை மாறவில்லை.

இரண்டாவது கதையோ, பழங்கதை முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. கல் பெண்ணாகிவிட்டது, கணவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அதன் பின் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? காவியம் கேளாத இவ்வினாவையே யதார்த்தவாதி கேட்கிறார். மன்னிப்புக்குப் பிந்திய வீட்டிலே இயல்பான பேச்சு அற்றுப்போயிற்று. தம் சொல் எதுவும் அவளைத் தைத்துவிடுமோ எனக் கௌதமர் அஞ்சுகிறார். ஒவ்வொரு சொல்லையும் பலமுறை எண்ணிப் பார்த்தே அகலிகை பேசுகிறாள். வேற்று ஆடவர் அவள் கண்ணுக்கு இந்திரனாகவே தெரிகின்றனர். ஆற்றங்கரைப் பாதையிலே எதிர்ப்படும் ரிஷிபத்தினியர் அவளை விலக்கி நடக்கின்றனர். கணவரின் மன்னிப்பு சமுதாயத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பதைப் புதுமைப்பித்தன் எவ்வித உபதேசமுமின்றிக் காட்டிவிடுகிறார்.

கதையின் உச்சம் இரு மனைவியரின் உரையாடலிலே நிகழ்கிறது. வனவாசம் முடிந்து மீண்ட சீதை, தான் தீப்புகுந்த செய்தியை அகலிகையிடம் சொல்கிறாள். இராமன் கேட்டானா என்று அகலிகை அதிர்ந்து வினவுகிறாள். தனக்கு ஒரு நீதி, அவனுக்கு வேறொரு நீதியா என்ற எண்ணம் அவளுள் எழுகிறது. உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்று சீதை சிரித்தபடி கேட்கும்போது, உள்ளத்துக்குத் தெரிந்தது போதாதா, உண்மையை உலகத்துக்கு மெய்ப்பிக்கத்தான் முடியுமா என்ற கருத்துப்பட அகலிகை பதிலளிக்கிறாள். தனக்குச் சாப நீக்கம் தந்தவனையே அகலிகை இங்கு நியாய சபையிலே நிறுத்துகிறாள். தன் குற்றமின்மையை நிறுவுவது அவள் நோக்கமன்று. நிறுவுமாறு கேட்கும் உரிமையையே அவள் மறுக்கிறாள். தமிழிலே மனைவியின் நோக்கு முழுமையாகப் பிறந்த இடம் இதுவெனலாம்.

5

கதையின் முடிவிலே அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தன்னை அணைக்க வந்த கணவரும் அவளுக்கு இந்திரனாகத் தோன்றுகிறார். நெஞ்சு கல்லாய் இறுகுகிறது. கௌதமர் துறவு பூண்டு வெளியேறுகிறார். முற்போக்குத் திறனாய்விலே இம்முடிவை விரக்தியின் வெளிப்பாடு எனக் குறைகூறும் போக்கு ஒன்று இருந்து வந்துள்ளது. போராட்டத்துக்கு வழிகாட்டாத நம்பிக்கை வரட்சி என்ற அக்கணிப்பை நாமும் ஒரு காலத்தில் ஏற்றிருந்தோம். இன்று அதனை மீள்பரிசீலனை செய்யவேண்டியவர்களாக உள்ளோம்.

1943இல் அகலிகை கல்லாகாமல் வீட்டைவிட்டு வெளியேறியிருப்பின் எங்கே சென்றிருப்பாள்? சென்னை மாகாணத்தில் இந்துப் பெண் மணவிலக்குக் கோருவதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியா முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இலும், பெண்களின் சொத்துரிமையை விரிவுபடுத்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இலுமே வந்தன. இந்நாட்டு வாசகர் இதனை அயல்நாட்டுச் செய்தியாகக் கொள்ளுதல் ஆகாது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கையளிக்க இயலாது என்ற விதி 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலே எழுதப்பட்டது. சீதனம் அவள் பெயரில் இருந்தது. கையொப்பம் அவனிடம் இருந்தது. அடைக்கலப் பொருள் என்ற பழைய கருத்து காவியத்தோடு முடிந்துவிடவில்லை.

வெளியேறும் வழி அடைபட்டிருந்த ஒரு காலத்திலே, வழி இருந்ததாகப் பாவனை செய்யாமையே புதுமைப்பித்தனின் நேர்மை. முதலாவது கல் கணவன் இட்ட தண்டனை. இரண்டாவது கல் மனைவியின் மறுப்பு. உருவத்தால் ஒன்றாயினும் வரலாற்றுப் பொருளால் இவை எதிரெதிரானவை. மறுப்பு, செயலாக வளர்வதற்கு வேண்டிய புறவயச் சூழ்நிலை அன்று இல்லாதபோது மௌனமாக உறைந்தது. இதனைக் கலைஞனின் தோல்வியாகக் கணக்கிட்டது நமது திறனாய்வின் தவறாகும்.

6

அகலிகையின் வினா தமிழோடு நின்றுவிடவில்லை. தெலுங்கு எழுத்தாளர் வோல்காவின் ‘விமுக்த’ என்ற கதைத்தொகுதி 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அதிலே சீதை, சூர்ப்பணகை, அகலிகை, இரேணுகை, ஊர்மிளை ஆகியோரைச் சந்திக்கிறாள். புதுமைப்பித்தனின் அகலிகை தீக்குளிப்புக்குப் பின்னரே செய்தியறிந்து கலங்குகிறாள். வோல்காவின் அகலிகையோ, விசாரணைக்கு ஒருபோதும் இணங்காதே என்று சீதைக்கு முன்கூட்டியே அறிவுறுத்துகிறாள். அதிர்ச்சியாக இருந்தது அறிவுரையாகிவிட்டது. தனியொருத்தியின் இறுகல் பெண்களுக்கிடையிலான தோழமையாகியுள்ளது. இடைப்பட்ட பல பத்தாண்டுகளிலே பெண்கள் கல்வியிலும் உழைப்பிலும் அமைப்பாகத் திரள்வதிலும் பெற்ற அனுபவம் இல்லாமல் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

எனவே மனைவியின் நோக்கில் எழுதப்படும் மறுபடைப்புக்களிடம் நாம் கேட்கவேண்டிய வினா, அவள் தூயவளாகக் காட்டப்பட்டாளா என்பதன்று. அவளிடம் தூய்மைக்குச் சான்று கேட்கும் அதிகாரம் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டதா என்பதே. இவ்வினா நம்மை நோக்கியும் திரும்புகிறது. வர்க்க விடுதலை கிட்டியதும் பெண்ணின் பிரச்சினை தானே தீரும் என்று கூறி அவளைக் காத்திருக்கச் சொன்னவர்கள் நம்மிடையே பலர். தோழியரின் எழுத்தையும் வாழ்வையும் ஒழுக்கத் தராசிலே நிறுத்துப் பார்த்த பின்னரே சபைக்குள் அனுமதித்தவர்களும் உளர். கௌதமரின் இருக்கை ஆச்சிரமத்திலே மட்டும் இருந்ததில்லை. அதிலிருந்து எழுந்து நிற்பதே மனைவியின் நோக்கைக் கற்பதற்கு நமக்குள்ள முதற் பாடமாகும்.