வெள்ளி வில்லையின் முதுகு

வில்லைச் சேவகன் என்றொரு சொல் நம்மிடம் புழங்கியது. மார்பில் கிடக்கும் வில்லை அவனுக்கு அதிகாரத்தில் துளி பங்கு கொடுத்தது. 1916இல் பிரிட்டன் வழங்கிய வெள்ளி வில்லையோ, அணிந்தவனைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்ற வந்தது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய ஆங்கிலேய வெள்ளி கையில் கிடைத்தால் முத்திரையைத்தான் முதலில் தேடுவோம். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் சோதித்தது; சிறுத்தைத் தலை என்றால் லண்டன்; நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி; ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். உலோகத்தின் ஜாதகம் முழுசாகக் கிடைத்துவிடும். போட்டிருந்தவன் யார் என்று கேட்டால் முத்திரை வாய் திறக்காது.

போர் வில்லை வேறு மாதிரி. முன்பக்கம் ஜார்ஜ் மன்னரின் பின்னிய எழுத்துகள்; சுற்றிலும் மன்னருக்கும் பேரரசுக்கும் சேவை செய்தவன் என்ற வாசகம். திருப்பினால் ஓர் எண். அது படைவீரனின் சேவை எண் அல்ல, வில்லைக்கே உரியது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போர்த்துறைப் பதிவேட்டுக்குப் போனால் பெயர், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலக்கப்பட்ட நாள், விலக்கப்பட்ட காரணம் எல்லாம் வரும். காயமா, நோயா? ஒரு மனித உடல் அங்கே ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிக் கிடக்கும். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் படைவீரர் கோப்புகளின் பெரும்பகுதி எரிந்துபோனது. பலரைப் பற்றி மிஞ்சிய சில தடயங்களில் இந்த வரியும் ஒன்று.

சரி, இப்படியொரு வில்லை எதற்கு? 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கடற்படைத் தளபதி பெண்களைத் திரட்டினார். ராணுவ உடுப்பில்லாத ஆண்களிடம் வெள்ளை இறகை நீட்டச் சொன்னார். கோழை என்று அர்த்தம். காயம்பட்டுத் திரும்பி, சாதாரணச் சட்டையில் தெருவில் நடந்தவர்களுக்கும் இறகு கிடைத்தது. இறகு நீட்டுவதை அரசு தடுக்கவில்லை. சிதைந்த உடலுக்கு அத்தாட்சி கொடுத்தது, அவ்வளவுதான். வில்லையை உடுப்பின்மேல் குத்தக்கூடாது, சிவில் உடையில்தான் குத்த வேண்டும் என்ற விதியே இதைச் சொல்கிறது. மனசாட்சியின் பேரில் போரை மறுத்தவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு வில்லை ஏது?

எனவே, ஒரு வில்லையின் மூலத்தைத் தேடுகிறவர்கள் பட்டறையோடு நின்றுவிடக் கூடாது என்பேன். யாருடைய சந்தேகத்துக்குப் பதிலாக அது அடிக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கப்படுகிற எந்த மனிதருக்கும் இது பழைய கதை இல்லை.