கொல்லிமலைப் பலாவும் ஒரு மூடியின் கதையும்

இந்த எபிசோடோட ஹீரோ ராஜா இல்ல, தளபதி இல்ல. ஒரு மூடி. ஜாம் பாட்டில் மேல திருகுற சாதாரணத் தகர மூடிதான். அதுல என்ன வரலாறுன்னு கேட்டீங்கன்னா, முதல்ல கொல்லிமலை ஏறணும்.

நாமக்கல் மாவட்டம். அடிவாரத்துல காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேல போனா பலா, அன்னாசி, வாழை, மிளகு. இதுல பலாவுக்கு மட்டும் ஒரு பிரச்சினை இருக்கு. சீசன் வந்தா மரமெல்லாம் சேர்ந்து பழுக்கும். பழுத்த பழம் சில நாள்தான் தாங்கும், எடையும் அதிகம். அதனால விலையை முடிவு பண்றது விளைவிச்சவர் இல்ல, வாங்க வந்தவர். அதே சுளையை ஜாம் ஆக்கிட்டா மாசக்கணக்குல நிக்கும். "இந்த விலைக்குத் தரமுடியாது, அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ற தெம்பு மலையில இருக்கிறவங்களுக்கு வரும்.

சங்க காலத்துல கபிலர் பாரியோட பறம்பு மலையைப் பாடும்போது, உழாமலே கிடைக்கிற நாலு பொருளைச் சொல்றார்: மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூறு 109. இந்த நாலையும் கொஞ்சம் கவனிங்க. மூங்கில் அரிசி காய்ஞ்சா நிக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளயே காத்திருக்கும். தேன்ல தண்ணி கம்மிங்கிறதால லேசுல கெடாது. காத்திருக்கத் தெரியாதது பலாப்பழம் மட்டும்தான்.

நம்ம ஊர்ல பதப்படுத்தத் தெரியாதான்னா, நல்லாவே தெரியும். பீங்கான் ஜாடியில ஊறுகாய் போட்டு, வாயில வெள்ளைத் துணியால வேடு கட்டுவோம். துணி வழியா காத்து போகத்தான் செய்யும். ஆனா உள்ள உப்பும் புளிப்பும் இருக்கு, மேல நிக்கிற எண்ணெயே ஒரு மூடி. ஜாம்ல எண்ணெய் கிடையாது. 65 சதவீதம் அளவுக்குச் சர்க்கரைச் செறிவு இருந்தா பாக்டீரியா அடங்கிடும். பூஞ்சை அடங்காது. காத்து பட்டா மேற்பரப்புல பூத்துடும். அதனால காத்தை வெளிய அனுப்பிட்டு, திரும்ப வராம கதவைச் சாத்தணும்.

அந்தக் கதவைத் தேடினவங்கள்ல முதல் பெரிய பேர் நிக்கோலா அப்பெர். பாரிஸ்ல மிட்டாய்க் கடை வெச்சிருந்தவர். உணவைக் கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, கார்க் வெச்சு, கம்பியால கட்டி, வெந்நீர்ல கொதிக்க வெச்சார். 1810-ல பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் கொடுத்து, முறையைப் புத்தகமா வெளியிட வெச்சது. இது ஏன் வேலை செய்யுதுன்னு அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம்னு பாஸ்டர் விளக்குறதுக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு.

ஆனா கார்க்கும் கம்பியும் வீட்டு அடுப்படிக்குத் தோதுப்படாது. 1858 நவம்பர் 30-ல ஜான் லாண்டிஸ் மேசன் அமெரிக்காவுல ஒரு காப்புரிமை வாங்கினார். பாட்டில் கழுத்துல மரை, அதுக்குத் துத்தநாகத் திருகு மூடி. அவ்வளவுதான். 1879-ல அந்தக் காப்புரிமை முடிஞ்சதும் ஆளாளுக்குத் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. பாட்டில் வீடு வீடா போச்சு. மேசன் 1902-ல ஏழையா இறந்தார். 1915-ல அலெக்சாண்டர் கெர் கம்பெனி, அடியில சீல் ஒட்டின தட்டை மூடியைக் கொண்டுவந்தது. பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், மூடி ஒரு தடவைதான்.

இங்கதான் ட்விஸ்ட். 1975-ல அமெரிக்காவுல வீட்டுத் தோட்டம் போடுறவங்க திடீர்னு பெருகினாங்க. காய் இருந்துச்சு, பாட்டில் இருந்துச்சு, மூடி கிடைக்கல. விஷயம் நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போச்சு. 2020 ஊரடங்குலயும் அதே கதைதான் நடந்துச்சு. கோடு எழுதுறவங்களுக்கு இது பழகின வலி: மொத்த சிஸ்டமும் யாரும் கவனிக்காத ஒரு குட்டி லைப்ரரியை நம்பி நிக்கும்.

இப்போ நம்ம கடைகள்ல இருக்கிற ஜாம் பாட்டிலைத் திறந்து பாருங்க. மூடிக்கு உள்பக்க ஓரத்துல ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். சூடா நிரப்பி மூடினா அது இளகிக் கண்ணாடியோட ஒட்டும். ஆறும்போது உள்ள இருக்கிற நீராவி சுருங்கி, மூடியோட நடு உள்வாங்கும். முதல் தடவை திறக்கும்போது வர்ற அந்த 'டக்' சத்தம், காத்து உள்ள போற சத்தம். அதோட அந்த மூடியோட வேலை முடிஞ்சுது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி ஜாம் ஊத்தினா, சொந்த வீட்டுக்கு ஃபிரிட்ஜ்ல வெச்சுச் சாப்பிடலாம். விற்பனைக்கு ஆகாது. அதுக்குப் புது மூடி வேணும், அதுவும் பாட்டில் வாயோட மில்லிமீட்டர் அளவுக்குப் பொருந்தணும்: 53, 63, 70னு தனித்தனி. பழம் மலையில காய்க்கும், மூடி கீழ இருந்துதான் வரணும்.

கொல்லிமலைக்குன்னு இன்னொரு கணக்கும் இருக்கு. மலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அங்க தண்ணி கிட்டத்தட்ட 96 டிகிரியிலேயே கொதிச்சிடும். சூடு குறையுற அளவுக்கு நேரம் கூடணும். பல ஜாம்களுக்கு மூடின பாட்டிலைச் சமவெளியில 5 நிமிஷம் கொதிக்க வெச்சா, இந்த உயரத்துல 10 நிமிஷம்னு அமெரிக்க வேளாண் துறையோட கையேடு சொல்லுது. பலாவுல புளிப்பு கம்மி. அதனால எலுமிச்சைச் சாறு சேர்த்தாதான் ஜாம் இறுகும்.

கொல்லிமலையில இதுக்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கு. அங்க சாமையும் தினையும் குறைஞ்சதுக்கு ஒரு காரணம், உமி நீக்குற வேலை பெண்களோட முதுகை ஒடிச்சது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோட நிறுத்தாம, ஊர்க் குழுக்களுக்கு அரவை இயந்திரம் கொண்டுபோச்சு. தானியத்தைப் பாக்கெட்டா விக்க வழி பண்ணுச்சு. பலாவுக்கும் அதேதான் தேவை. புதுசா ஒரு ரகம் இல்ல. பத்துக் குழு சேர்ந்து ஒரே அளவு பாட்டிலை முடிவு பண்ணி, சீசனுக்கு முன்னாடியே மூடியை மொத்தமா வாங்கி வெச்சாலே பேரம் பேசுற இடம் மாறிடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுவரைக்கும் ஜாம் பாட்டில் திறக்கும்போது அந்த 'டக்' சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க.