பிரியும் இடமே நஞ்சு புகும் இடம்

பேராக் இரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த கடல்வழி, நோயச்சம் சூழ்ந்த வழியாகவும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளர், தொற்றுநோய் அச்சம் மிகுந்த காலங்களில் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் தனித்து வைக்கப்பெற்றனர். ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை அவர்கள் அடைந்தது அதன் பின்னரே. அன்று அஞ்சப்பட்ட நோய்களுள் வாந்திபேதியும் ஒன்று. அந்நோய்க் கிருமி நஞ்சைப் பெற்ற வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

1884இல் இராபர்ட் கோக், கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை இனங்கண்டார். 1959இல் அதே நகரில் சம்புநாத் தே, கிருமி வெளியிடும் நஞ்சே குடலில் நீர் பெருகச் செய்கிறது என நிறுவினார். ஆயினும் அக்கிருமியின் வகைகள் பலவற்றில் அந்நஞ்சு இல்லை. அவ்வாறாயின் நஞ்சு எங்கிருந்து வந்தது? விடை காண, பாக்டீரியா தன் குரோமோசோம்களைப் பிரிக்கும் முறையை அறிதல் வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் வளைய வடிவினது என்பதை 1963இல் ஜான் கெயின்ஸ் காட்டினார். வளையத்திற்கு ஓர் இடர் உண்டு. குரோமோசோம் படியெடுக்கப்படும்போது நேரும் சிதைவைச் செப்பனிடுகையில், இரு படிகளின் இழைகளும் ஒன்றோடொன்று மாறி இணைவதுண்டு. அவ்விணைவு ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிகழின், இரு வளையங்களும் ஒரே பெருவளையமாகிவிடும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அது நடுவே சிக்கிக்கொள்ளும்.

இச்சிக்கலை அவிழ்க்கும் இடத்தை 1991இல் கொலராடோவின் குவெம்பெல் குழுவினரும், கிளாஸ்கோவின் ஷெராட் குழுவினரும் எடுத்துரைத்தனர். ‘டிஃப்’ எனப் பெயர்பெற்ற அவ்விடம், ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்திணைகள் கொண்ட குரோமோசோமில் வெறும் 28 இணை நீளமே உடையது. செர்-சி, செர்-டி என்னும் இரு நொதிகள் அங்கு மட்டுமே இழைகளை வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டுகின்றன. பெருவளையம் மீண்டும் இரண்டாகிறது.

மொழியியலாராகிய நமக்கு இது புதிதன்று. ‘பொற்குடம்’ என்பதைப் புணர்ந்த எல்லையில் ‘பொன் + குடம்’ எனப் பிரித்தாலே பொருள் நிற்கும். வேறிடத்தில் வெட்டினால் இரு துண்டும் பொருளிழக்கும். உயிரணுவும் எல்லையறிந்தே பிரிக்கிறது.

இனி நஞ்சுக்கு வருவோம். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு மரபணுக்கள் ஒரு வைரஸுக்கு உரியவை என 1996இல் வால்டார், மெக்கலானோஸ் இருவரும் கண்டனர். தன்னை இணைத்துக்கொள்ளும் நொதி அவ்வைரஸிடம் இல்லை. அது கிருமியின் செர் நொதிகளையே பயன்படுத்தி டிஃப் இடத்தில் நுழைகிறது என்பது 2002இல் வெளிப்பட்டது. வைரஸின் ஒற்றையிழை மடிந்து, டிஃப் போன்றதொரு வடிவம் கொள்கிறது. நொதிகள் அதனைத் தம் இடமென ஏற்று ஒட்டிவிடுகின்றன. நுழைந்த பின்னரும் அங்கு செயற்படும் டிஃப் ஒன்று எஞ்சுவதால், கிருமி முன்போலவே பிரிந்து பெருகுகிறது. உயிர்வாழ இன்றியமையாத அவ்விடத்தைக் கிருமி கைவிட இயலாது. ஆதலின் வாயிலும் அடைபடுவதில்லை.

நஞ்சற்ற கிருமியும் இவ்வழியே நஞ்சுடையதாகலாம். தூய குடிநீரும் கழிவகற்றலும் என்றும் கைவிடத்தகாதவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்து முன்னோர் இந்நோயின் கொடுமையை அறிந்தனர். அதன் காரணத்தைத் தம் மொழியில் அறியும் வாய்ப்பைப் பெற்றிலர். அவர்தம் பெயரர் இன்று தமிழ்ப்பள்ளிகளில் அமர்ந்துள்ளனர். புணர்ச்சி இலக்கணம் எழுதும் அதே பலகையில் ஆசிரியர் இரு வளையங்களை வரைந்து காட்டினால், அவ்வறிவு அவர்களுக்குத் தமிழிலேயே கிட்டும்.