கடற்கொள்ளையும் கைமுதலும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில், வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கும் மாங்கேணிக் கரையை இன்று மீன்பிடித் தோணிகளின் கரையாகவே யாவரும் அறிவர். ஆயினும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மட்டக்களப்பு வாவியின் முகத்திலிருந்து கொட்டியாரக் குடா வரை நீண்ட இக்கரைக்கு அப்பால் ஓடிய ஐரோப்பியக் கப்பல்கள், தூரதேசத்து முதலாளிகள் பலரின் கைமுதலைச் சுமந்து வந்தவை என்பதும், வர்த்தகம் எங்கே முடிந்து கொள்ளை எங்கே தொடங்குகிறது என்பதை அம்முதலாளிகள் பெரும்பாலும் கேட்டறிய விரும்பவில்லை என்பதும், பணத்தைத் தொழிலில் இடும் ஒவ்வொருவரும் சிந்திக்கத் தக்க செய்திகளாகும்.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பித்தான் மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரமிட்டான். அவனை அனுப்பியவர் சீலாந்து மாகாணத்து வணிகரான பல்தசார் டி மூஷரோன். ஒரு பிரயாணத்துக்கென்றே பணம் திரட்டி, கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, முதலையும் இலாபத்தையும் பங்கிட்டுக் கணக்கை மூடிவிடுவது அக்காலத்து வழக்கம். கப்பல் மூழ்கினால் முதலும் மூழ்கும். ஆதலால் வெறுங்கையோடு திரும்புதல் எந்தக் கப்பித்தானுக்கும் இயலாத காரியமாயிற்று. மிளகும் கறுவாவும் விலைக்குக் கிடைத்தால் வாங்குவான், கிடைக்காவிடில் பகைவனுடைய கப்பலில் உள்ளதை எடுத்துக்கொள்வான். கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனின் நட்பைப் பெற்ற ஸ்பில்பேர்கன், பின்னர் சுமாத்திராத் தீவின் அச்சேக்குப் போய் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஜேம்ஸ் லங்காஸ்டருடன் சேர்ந்துகொண்டான். கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு ஒல்லாந்தனுக்கு என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் மலாக்கா நீரிணையில் அவர்கள் பிடித்த 900 தொன் போர்த்துக்கேயக் கப்பல், மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலிருந்து துணிப்பொதிகளை ஏற்றி வந்த கப்பலாகும். சோழமண்டலக் கரையிலே தமிழ் நெசவாளர் தறியில் நெய்த துணி, கடலில் கைமாறி, சாவகத்தில் மிளகுக்கு விலையாயிற்று.

இவ்வளவு எளிதாய்க் கிட்டிய பொருள் இலண்டன் பங்குதாரரை உடனே செல்வராக்கிற்றா என்றால், இல்லை. லங்காஸ்டர் 1603இல் திரும்பியபோது நகரம் கொள்ளைநோயால் அல்லலுற்றது. அரசனுடைய களஞ்சியத்து மிளகும் சந்தைக்கு வந்துவிட்டது. பங்குதாரர் பணத்துக்குப் பதிலாக மிளகையே பெற்றுக்கொண்டு, அதை விற்கும் வகை தேடி அலைய நேர்ந்தது. பிடித்த பொருள் வேறு, விற்று வந்த பணம் வேறு என்னும் முதற்பாடம் இது.

இரண்டாவது பாடத்தை நம் மட்டக்களப்பே கற்பித்தது. 1602 மார்ச்சில் உருவான ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதிகளுள் ஒருவனான செபால்ட் டி வேர்ட், போர்த்துக்கேயரின் காலிக் கோட்டையை மன்னன் நிலத்திலும் தான் நீரிலும் நின்று தாக்குவதென்று கண்டியில் உடன்பாடு செய்து, மறு ஆண்டு கப்பற்படையுடன் மட்டக்களப்புக்குத் திரும்பினான். மன்னனின் வரவுக்காகக் காத்திருந்த வேளையில் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்த அவன், மன்னனின் பரம வைரிகளான அக்கப்பல்களின் மனிதரை மட்டும் விடுவித்தான். அவனுடைய மாலுமிகள் கரையிலே பசுக்களைக் கொன்றதும் சனங்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. பகைவரோடு இரகசியமாகக் கூடிக்கொண்டானோ என்னும் சந்தேகம் மன்னன் உள்ளத்தில் மூண்டது. மதுவுண்ட நிலையில் டி வேர்ட் பேசிய பேச்சு அதற்கு நெய் வார்த்தது. அவனும் ஏறக்குறைய 50 தோழரும் அங்கேயே வெட்டுண்டு மாண்டனர். நான்கு கப்பல்கள் கைக்கு வந்தன. ஓர் இராச்சியத்தின் நம்பிக்கை போயிற்று. ஒல்லாந்தர் இலங்கையில் உறுதியாகக் காலூன்ற அதன்பின் 35 ஆண்டுகள் சென்றன.

அதே 1603 பெப்ரவரியில், சிங்கப்பூருக்கு அண்மையில் ஒல்லாந்தக் கப்பித்தான் யாக்கோப் வான் ஹேம்ஸ்கேர்க் பிடித்த சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கேயக் கப்பலின் பட்டும் பீங்கானும் ஏறக்குறைய 35 இலட்சம் கில்டருக்கு விலைபோயின. புதிய கம்பெனியின் மூலதனமே சுமார் 64 இலட்சம் கில்டர்தான்! கொள்ளைப் பணம் தருமத்துக்கு ஒவ்வாதென்று மெனோனைட் சமயத்துப் பங்குதாரர் சிலர் ஆட்சேபித்தனர். அதை நியாயப்படுத்த ஹியூகோ குரோஷியஸ் என்னும் இளம் நியாயவாதி அமர்த்தப்பட்டார். கடல் எவர்க்கும் தனியுரிமை அன்று என்று 1609இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற வாதம் அவ்வழக்கில் முளைத்ததே. இத்தனைக்கும் பின்னர், கம்பெனி தன் பங்குதாரர்க்கு முதல் இலாபப் பங்கை அளித்தது 1610இல்; அதையும் சாதிபத்திரியாகவே அளித்தது. ஒருமுறை வாய்த்த அதிர்ஷ்டத்தை ஆண்டு வருமானமாக எண்ணிக் கணக்கிடுபவன் ஏமாறுவான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1638 மே 18ஆம் நாள் ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்டின் படை மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. சில நாட்களில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் அங்கேயே ஒப்பந்தமும் எழுதப்பட்டது. யுத்தச் செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய வேண்டும். கைப்பற்றிய கோட்டைகளில் மன்னன் விரும்பினாலன்றி ஒல்லாந்தர் காவல் வைத்தல் ஆகாது என்னும் வாசகம் மன்னனின் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. 1640இல் காலியைப் பிடித்தவர்கள், கடன் தீரவில்லை என்று சொல்லி அதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். வெளிப்படையான கொள்ளைக்காரன் வாளால் பறிப்பதை, சாதுரியமான கூட்டாளி எழுத்தால் பறிக்கிறான். கையொப்பமிடுமுன் இரு பிரதிகளையும் ஒப்புநோக்காதவனுக்கு வீரமும் படையும் துணைநிற்கமாட்டா.

இவற்றைப் பழங்கதை என்று தள்ளிவிடுதல் தகாது. சீட்டிலும் பங்கிலும் நிதி நிறுவனத்திலும் தம் சம்பாத்தியத்தை இடும் நம்மவர், எவ்வளவு இலாபம் தருவாய் என்று கேட்குமுன், அந்த இலாபம் எத்தொழிலில் விளைகிறது, எவருடைய நட்டத்தில் பிறக்கிறது, அடுத்த ஆண்டும் அதே வழியில் வருமா என்று கேட்டல் வேண்டும். விடை கிடைக்காத இடத்தில் பணத்தை இடாதிருத்தலே விவேகம். டி வேர்ட் மாண்ட மட்டக்களப்பை 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். கடனில் மூழ்கிய ஒல்லாந்தக் கம்பெனி 1799 டிசம்பர் 31ஆம் நாளோடு இல்லாதொழிந்தது.