ஆஸ்பிரின் கல்லீரலுக்கு வந்த வழி

இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் ஒருநாள் வில்லோ மரப் பட்டையை வாயில் போட்டுப் பார்த்தார். கடுங்கசப்பு. காய்ச்சலுக்கு அப்போது வழங்கிய சின்கோனாப் பட்டையின் கசப்பை அது நினைவூட்டியது. ரொட்டிச் சூளையின் ஓரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். பெரும்பாலோருக்குக் கேட்டது. 1763இல் அதை ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில் வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து சாலிசினையும், அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தையும் பிரித்தார்கள். மூட்டுவலி அடங்கியது, வயிறு எரிந்தது. 1897 ஆகஸ்டில் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அந்த அமிலத்தோடு அசிட்டைலைச் சேர்த்துத் தூய மருந்தாக்கினார். 1899இல் அது ஆஸ்பிரின் என்று பெயர் பெற்றது. வழிகாட்டியது நான்தான் என்று 1949இல் எழுதினார் ஆர்தர் ஐஷன்கிரூன் என்ற யூத வேதியியலாளர். நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமிலிருந்து உயிர் மீண்டவர் அவர். இந்த மருந்தின் கதையை யார் சொன்னாலும் அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பேர் விழுங்கிய மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பது 1971 வரை புரியவில்லை. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்கும் நொதியை அது முடக்குகிறது என்று லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அதே தடை இரத்தத்தின் தட்டணுக்களிலும் விழுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. இழந்த நொதியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஆகவே எட்டுப் பத்து நாள் ஆயுள் முடியும்வரை அதன் ஒட்டும் திறன் குன்றியே இருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு நம் ஊரில் தினமும் 75 மில்லிகிராம் கொடுப்பதும் தட்டணுக்கள் ஒட்டி இரத்தம் உறையாமல் இருக்கத்தான்.

கல்லீரலுக்கான வழி இந்தத் தட்டணுக்கள் வழியாகவே திறந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரல் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை. கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிப்பவை நம் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள். அவை கல்லீரலின் நுண்குழாய்களில் தங்கி நிற்க, அங்கே படிந்திருக்கும் தட்டணுக்கள் துணை செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் செல்கள் அழிந்து அழிந்து முளைப்பதால் தழும்பு ஏறுகிறது; முளைக்கும் செல்களில் மரபுப் பிழைகள் சேர்கின்றன; அவற்றில் ஒன்று புற்றாகிறது. 2012இல் மிலான் நகர ஆய்வாளர்கள் இத்தகைய அழற்சி கொண்ட எலிகளுக்கு ஆஸ்பிரினையும், தட்டணுக்களைத் தடுக்கும் மற்றொரு மருந்தான குளோபிடோகிரெலையும் கொடுத்தார்கள். புற்று தடைபட்டது, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன.

அதே ஆண்டு அமெரிக்காவில் மூன்று லட்சம் பேரின் பதிவுகளை அலசியபோது, ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் கல்லீரல் புற்று குறைவாக இருந்தது. அதே குடும்பத்து மற்ற வலி மாத்திரைகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ‘வலி மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணும் நமக்கு இது முக்கியம். வீடுதோறும் இருக்கும் பாரசிட்டமாலோ அளவு மீறினால் கல்லீரலையே அழிக்கும்.

2020இல் வந்தது சுவீடன் ஆய்வு. நாட்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ள 50,275 பேர். பத்து ஆண்டுகளில் கல்லீரல் புற்று கண்டவர்கள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கியவர்களில் 4.0 சதவீதம், எடுக்காதவர்களில் 8.3 சதவீதம். வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கொண்ட பின்னும் ஆபத்து 31 சதவீதம் குறைவு. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் இது சீட்டுக் குலுக்கி மருந்து கொடுத்த சோதனை இல்லை. கல்லீரல் இறுகிப்போனவர்களின் உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும். அவை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மருத்துவர்கள் அவர்களுக்கு ஆஸ்பிரின் எழுதத் தயங்குவார்கள். புற்று வர அதிக வாய்ப்புள்ளவர்கள் தொடக்கத்திலேயே ‘எடுக்காதவர்’ பக்கம் சேர்ந்துவிட்டால், மாத்திரைக்கு இல்லாத பெருமையும் வந்து சேரும். கணக்கால் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

நலமாக இருந்த 19,114 முதியவர்களிடம் குலுக்கல் முறையில் நடந்த ஆஸ்ப்ரீ சோதனையின் முடிவு 2018இல் வந்தது. ஆஸ்பிரினால் ஊனமற்ற ஆயுள் கூடவில்லை; பெரும் இரத்தக்கசிவு 38 சதவீதம் கூடியது. கல்லீரல் நோயாளி கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், ஹெபடைடிஸ் சி கிருமியையே ஒழிக்கும் மாத்திரைகளும் இன்று கையில் இருக்கின்றன. புற்றைத் தடுப்பதில் அவற்றுக்கே முதலிடம்.

2024இல் பாஸ்டனில் குலுக்கல் முறையில் ஒரு சிறு சோதனை முடிந்தது. மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் கொண்ட 80 பேர், ஆறு மாதம், தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை. ஆஸ்பிரின் எடுத்தவர்களின் கல்லீரல் கொழுப்பு குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. புற்று குறையுமா என்று அறிய ஆயிரக்கணக்கானோரை இதேபோல் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.