தாஷ்கண்டின் தலைவர்: எம்.பி.டி. ஆச்சார்யாவும் ராயின் நினைவுகளும்

இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்த நாள் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட் என்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1925 டிசம்பர், கான்பூர் என்கிறது. எதை ஏற்றாலும் அன்றைய தலைமை நாற்காலியில் சென்னைக்காரர் ஒருவரே இருக்கிறார். கான்பூரில் சிங்காரவேலர், தாஷ்கண்டில் ஆச்சார்யா. சிங்காரவேலருக்கு நாம் சிலை வைத்தோம். ஆச்சார்யாவை அடிக்குறிப்பில் விட்டுவிட்டோம். அந்த அடிக்குறிப்பின் தொனியை வகுத்தவர் எம்.என். ராய்.

தாஷ்கண்டில் கட்சி தொடங்கத் தமக்கு விருப்பமில்லை என்கிறார் ராய் தம் நினைவுகளில். புலம்பெயர்ந்து வந்திருந்த சிலர் அவசரப்பட்டார்கள், இந்தியா திரும்பும்வரை பொறுக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, வேறு வழியின்றி இசைந்தேன் என்பது அவர் தரும் விளக்கம். இந்த வாசிப்பை ஏற்றால் தாஷ்கண்ட் கட்சி பெயரளவில் நின்ற ஒரு குழு. அதன் தலைவரும் பெயரளவில் தலைவர். பின்னால் அவர் விலகியதும் பொருட்படுத்தத் தேவையில்லாத தனிப்பட்ட பூசல். ராய் 1954 ஜனவரியில் மறைந்தார், ஆச்சார்யா அதே ஆண்டு மார்ச்சில். ராயின் நினைவுகள் 1964இல் நூலாயின. ஆச்சார்யாவின் அராஜகவாதக் கட்டுரைகளை ஓலே பிர்க் லார்சன் தொகுத்து நூலாக்கியது 2019இல். இடையில் கழிந்த அரை நூற்றாண்டுக்கு மேலான காலம் முழுவதும் ஒரு தரப்பின் சாட்சியமே ஓங்கி ஒலித்தது.

ராயின் கூற்றுக்கு எதிரான முதல் சாட்சி, அவரே கையெழுத்திட்ட அக்டோபர் 17 கூட்டத்தின் குறிப்பு. ஜி. அதிகாரி தொகுத்த கட்சி வரலாற்று ஆவணங்களின் முதல் தொகுதியில் (1971) அது அச்சாகியிருக்கிறது. மிகச் சிறிய ஆவணம்தான். கூடியவர்கள் ஏழு பேர்: ராய், அவர் மனைவி எவலின், அபனி முகர்ஜி, அவர் மனைவி ரோசா ஃபிட்டிங்காஃப், முகமது அலி, முகமது ஷஃபீக், ஆச்சார்யா. ஷஃபீக் செயலாளராகத் தேர்வானார். மூன்றாம் அகிலத்தின் கொள்கைகளை ஏற்றார்கள். கட்சியில் சேர விரும்புவோருக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம் என்று வரையறுத்தார்கள். கீழே தலைவராக ஆச்சார்யாவும், ஷஃபீக் தேர்வாகியிருந்தும் செயலாளர் என்ற இடத்தில் ராயும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஏழு பேரில் ராயின் அணியினர் நால்வர். அன்றைய நிலையில் முகர்ஜி ராயின் நெருங்கிய தோழர். எனவே ராய் உண்மையில் வேண்டாம் என்றிருந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்காது. அந்த மூன்று மாத விதியோ இன்னும் வலுவான சான்று. பெயருக்குத் தொடங்கும் அமைப்பு உறுப்பினரைச் சோதித்துச் சேர்க்க விதி செய்யாது. டிசம்பர் 15 கூட்டத்தில் அந்த விதிப்படியே மூவரைச் சேர்த்திருக்கிறார்கள். ஷஃபீக், ராய், ஆச்சார்யா மூவரும் கொண்ட நிர்வாகக் குழுவையும் அமைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் ஆச்சார்யா தம் குலப்பெயரான 'பிரதிவாதி பயங்கரம்' என்பதோடு காணப்படுகிறார். கையெழுத்தில் அது இல்லை. காஞ்சிபுரத்து வைணவ ஆசாரியர் பிரதிவாதி பயங்கரம் அண்ணனின் மரபைச் சொல்லும் பெயர் அது. லண்டன், பாரிஸ், பெர்லின், மாஸ்கோ எல்லாம் கடந்து வந்த பிறகும் அதை அவர் களையவில்லை. ஒற்றர்களுக்கு அஞ்சிப் புனைபெயர் பூண்ட தோழர்கள் பலர் இருந்த சூழலில், தம்மை முழுமையாகப் பதிந்துகொண்டவர் இக்கூட்டத்தை விளையாட்டாக எடுத்திருக்க மாட்டார் என்றே நான் படிக்கிறேன். எழுதிய கை யாருடையது என்ற கேள்வி இருப்பதால் இதை முடிவாகச் சொல்ல மாட்டேன்.

1921 ஜனவரி 30 தேதியிட்ட கடிதம் அவரைத் தலைமையிலிருந்து நீக்கியது. கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரம் செய்வோருக்குத் துணைபோனார் என்பது குற்றச்சாட்டு. அப்துர் ரப்பின் இந்தியப் புரட்சிச் சங்கத்தையே இது குறிக்கிறது. ஆச்சார்யா அப்துர் ரப்போடு தாஷ்கண்டுக்கு வந்தவர். மாஸ்கோவில் கூடிய அகிலத்தின் இரண்டாம் மாநாட்டிலும் அச்சங்கத்தின் பேரிலேயே கலந்துகொண்டவர்.

பூசல் தனிப்பட்டதல்ல என்று நான் வாதிடுவது இங்கேதான். சான்று மெலிந்திருப்பதும் இங்கேதான். அன்று ராய் தாஷ்கண்டில் ராணுவப் பள்ளி நடத்தினார். ரஷ்ய ஆயுதம், ஆப்கன் வழி, எல்லைக்கு வெளியே திரட்டிய படை என்பது திட்டம். 1921 மார்ச் 16இல் பிரிட்டனோடு சோவியத் அரசு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது, பள்ளி மூடப்பட்டது. இன்னொரு நாட்டு அரசின் கையிலிருக்கும் துப்பாக்கி அந்த அரசின் தேவைக்கு மட்டுமே வெடிக்கும் என்பதை ஆச்சார்யா போல அனுபவித்தவர் குறைவு. 1909 ஜூலை 1இல் மதன்லால் திங்ரா பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டபோது அவர் லண்டன் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தார். அடுத்த மாதமே சுக்சாகர் தத்தோடு மொராக்கோ புறப்பட்டார்; ஸ்பெயினை எதிர்த்த ரிஃப் போராளிகளிடம் போர்ப் பயிற்சி பெறுவது நோக்கம். அது கைகூடவில்லை. உலகப்போரில் ஜெர்மன் பணத்தில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர்களின் பெர்லின் குழுவுக்காகத் துருக்கிப் பக்கம் உழைத்தார். ஜெர்மனி தோற்றதும் அதுவும் கலைந்தது. தாஷ்கண்ட் மூன்றாம் அனுபவம். 1922 டிசம்பர் கடைசியில் பெர்லினில் அராஜக-சிண்டிகலிஸ்டுகள் தங்கள் சர்வதேசச் சங்கத்தை நிறுவியபோது அவர் அங்கே இருந்தார். 1935இல் பம்பாய் திரும்பி, கடைசிக் காலத்தில் காந்தியின் 'ஹரிஜன்' இதழில் எழுதுமளவுக்கு வன்முறையிலிருந்து விலகியிருந்தார்.

நீக்கம் முந்தியது, அராஜகவாதம் பிந்தியது என்ற காலவரிசை ராயின் பக்கம் சாய்வதை மறுக்க முடியாது. 1921 ஜனவரிக்கும் 1922 டிசம்பருக்கும் இடையில் அந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்று நாள் குறித்தால் அது சான்றை மீறிய பேச்சாகும். ஆனால் பதவி இழந்த கசப்பு ஒருவரை ஓரிரு ஆண்டுகள் எழுத வைக்கும். லார்சனின் தொகுப்போ 1923 தொடங்கி 1953 வரை நீள்கிறது. அதில் ராயைவிட மிகுதியாகத் தாக்கப்படுவது அரசு என்ற அமைப்பே.