ஒரு குறி, பல பொருள்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். பழைய ஏடுகளிற் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகாரங்களும், ரகரமும் காலும் வேறுபாடு தோன்றாது நிற்கும். ஒரே குறியை இடமறிந்து வெவ்வேறாகப் படித்தல் அக்காலப் பதிப்பாசிரியரின் நாளாந்தத் தொழில். இதனையொத்த இடர் கணினியில் உரை தேடுவோர்க்கும் உண்டு.

சொல்வடிவங்களைச் சில குறிகளாற் சுருக்கிக் காட்டும் சுருங்குறித்தொடர், 1951 இல் ஸ்டீபன் கிளீனி என்னும் கணிதவறிஞர் வகுத்த கொள்கையில் வேர்கொண்டது. அதனை உரைத்தேடலுக்கு ஆக்கும் வழியைக் கென் தொம்சன் 1968 இல் வெளியிட்டார். அவர் ஆக்கிய ‘எட்’ என்னும் உரைத்தொகுப்பியின் மரபில், வெறும் அடைப்புக்குறி அடைப்புக்குறியையே குறிக்கும்; பலவற்றை ஒன்றாகக் கட்டும் பொருள் வேண்டின் முன்னே பின்சாய்கோடு இடவேண்டும். நிரல்களில் அடைப்புக்குறி மலிந்து கிடத்தலின் அஃது ஒருவாறு வசதியே. அல்பிரட் ஏகோ ஆக்கிய ‘ஈகிரெப்’ இம்முறையைத் தலைகீழாக்கியது: அங்கே வெறுங்குறி கட்டும்; சாய்கோடு பெற்றது தன்னையே குறிக்கும். 1992 ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமம் பிணக்கைத் தீர்த்ததில்லை; அடிப்படை, விரிவு எனப் பெயரிட்டு இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வழக்காறு வேரூன்றியபின் இலக்கணகாரர் செய்வதும் இதுவேயன்றோ!

லரி வோல் 1987 இல் வெளியிட்ட பேர்ள் நிரன்மொழி ஈகிரெப் வழியிற் சென்று, பின்னர்ப் புதிய குறிகள் பலவற்றைப் பெருக்கிற்று. பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் பெரிதும் அதன் வழியின. ஈமாக்ஸ், விம் என்னும் தொகுப்பிகளோ இன்றும் பழைய சாய்கோட்டு மரபினையே இயல்பாகக் கொள்கின்றன. ஆதலின் தொகுப்பியிற் சரியாக இயங்கிய தொடரை நிரலில் அப்படியே பெயர்த்தெழுதுவோர் ஏமாறுவர்.

தமிழுக்கு வருங்கால் இடர் மிகுகின்றது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிக்கோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்பட்டு ஐந்தாம். சொல்லெழுத்து யாதாயினும் பொருந்துக என்னும் குறியொன்றுண்டு. பின்சாய்கோட்டின்பின் ஆங்கில ‘டபிள்யூ’ இடுவது. அதனை ஜாவாஸ்கிரிப்டில் இட்டால் தமிழெழுத்து ஒன்றும் அகப்படாது. பைதனின் உள்ளமைந்த தேடற்பகுதி ‘தம’ எனவும் ‘ழ’ எனவும் இரு துண்டாக்கி, இகரக் குறியையும் புள்ளியையும் கைவிடும். பேர்ள் மட்டும் யூனிக்கோட்டு உரையாகப் பெற்றவிடத்து முழுச்சொல்லையும் பற்றும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தனிக்குறியும் அதற்குண்டு. ஏடெழுதினோர் இடாது விட்ட புள்ளியை இங்கே இட்டும் பொறி காண்பதில்லை.